அறுத்த பிறகு தெரிந்த வளைவு: ஒரு பழைய கியூவும் அதற்குத் துணையாக வந்த புதிய கியூவும்

பின்னணி

பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் மரக்கோலுக்குக் கியூ என்று பெயர். ஒற்றைத் துண்டாக இருக்கும் பழைய பூல் கியூவை நடுவில் அறுத்து, திருகு வைத்து, இரண்டு துண்டு கியூவாக மாற்றித் தரச் சொல்லி என்னிடம் பலர் வருவார்கள். வீட்டில் ஒரு பழைய கியூ கிடக்கிறது, புதிதாகச் செய்வதைவிட இது சுலபமாக முடிந்துவிடும் என்பதுதான் பெரும்பாலும் அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கை நானும் நம்பிய ஒரு வேலையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். தொடக்கம் முதல் முடிவு வரை குறித்து வைத்த அளவுகள் என்னிடம் இருக்கின்றன. கியூவின் உரிமையாளர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

அவர் நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண்மணி. வாரம் இரண்டு நாள் போட்டி ஆடுபவர். இறந்துபோன தந்தையின் கியூவைப் பழைய போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். 57 அங்குல நீளம், ஒற்றைத் துண்டு. மேலே மேப்பிள், கைப்பிடிப் பக்கம் ரோஸ்வுட். இரண்டு மரமும் ஒன்றுக்குள் ஒன்று விரல் கோத்ததுபோல் பிணைந்திருந்தன. நான்கு ரோஸ்வுட் முனைகள் மேப்பிளுக்குள் ஏறியிருக்க, ஒவ்வொரு முனையின் ஓரத்திலும் பச்சையும் கருப்புமாக மெல்லிய வெனீர், அதாவது மரத்தகட்டு வரிகள். முழுப் பிணைப்பு என்று சொல்கிற வேலை இது. செய்து குறைந்தது அறுபது ஆண்டாவது இருக்கும்.

"அப்பா கையில இருந்தது அண்ணா. சுவத்துல மாட்டி வைக்கிறதுக்கு இல்ல, நான் இதுல ஆடணும்" என்றார்.

அவர் கேட்டது புதிய ஆசை ஒன்றும் அல்ல. அமெரிக்காவில் ஜார்ஜ் பாலபுஷ்கா 1959 இல் கியூ செய்யத் தொடங்கியபோது முதல் சில ஆண்டுகள் ப்ரன்ஸ்விக் நிறுவனத்தின் டைட்லிஸ்ட் கியூக்களின் அடிப்பகுதியை எடுத்துத்தான் தன் கியூக்களைச் செய்தார். பிற்பாடு பர்ட்டன் ஸ்பெயின், கஸ் சாம்போட்டி ஆகியோர் செய்து கொடுத்த பிணைப்புக் கட்டைகளுக்கு மாறினார். இன்றைக்கு உலகில் அதிகம் தேடப்படும் கியூக்களில் அவருடையவையும் உண்டு. அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும் என்று இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருமே நினைப்போம். அவர்கள் கையில் எடுத்தபோது அந்தக் கட்டைகளின் பசைக்கு வயது குறைவு என்பதை அன்று நான் யோசிக்கவில்லை.

பழைய கட்டையை நாடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பின்னிணைப்பில் இருக்கிறது. புதிதாக வெட்டிய மரம் வணிகத்துக்கு வராது. அந்த நிறமும் ரேகையும் வேண்டும் என்பவர்கள் பழைய கியூக்களைத் தேடிப் போகிறார்கள்.

முதல் பரிசோதனை

கியூவைச் சமதளக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தேன். சரியாக நடுவில், அதாவது 72 செ.மீ. அளவில், அடியில் 3 மி.மீ. இடைவெளி தெரிந்தது. அறுக்க வேண்டிய இடத்தில் விட்டம் வார்னிஷையும் சேர்த்து 22.2 மி.மீ. நான் வழக்கமாக இணைப்பில் வைக்கும் விட்டம் 21.3 மி.மீ. மொத்த எடை 20 அவுன்ஸ், அதாவது 567 கிராம். பந்தைத் தொடும் தோல் நுனியான டிப் பக்கம் தேய்ந்து 12.2 மி.மீ. ஆகியிருந்தது. டிப்பைத் தாங்கும் ஃபெரூல் குப்பியில் மயிரிழை போல ஒரு விரிசல்.

3 மி.மீ. வளைவு என்றால் பயப்பட வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு இந்தத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. கியூ வில் போல ஒரே சீராக வளைந்திருந்தால், அதைப் பாதியாக அறுத்ததும் ஒவ்வொரு பாதியிலும் வளைவு கால் பங்காகக் குறைந்துவிடும். நீளம் பாதியானால் வளைவின் ஆழம் பாதியாகாது, பாதியில் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 3 மி.மீ. வளைவு 0.75 மி.மீ. ஆகிவிடும். அதைக் கடைந்து நேராக்க முடியும். ஒற்றைக் கியூவை இரண்டு துண்டாக்குவதன் பெரிய லாபமே இதுதான்.

இங்கேதான் தவறினேன். வளைவை ஒரே இடத்தில்தான் அளந்தேன். சீராக வளைந்திருக்கிறதா என்று சோதிக்கவே இல்லை. உருட்டும்போது மேல்பாதி கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன், மேல்பாதி நன்றாக இருக்கிறது என்று நோட்டிலும் எழுதினேன். வில் போல வளைந்த கியூவில் மேல்பாதி மட்டும் எப்படி நேராக இருக்கும்? அந்தக் கேள்வி அன்று எனக்கு எழவில்லை.

முதல் முடிவு

மூன்று வழிகள் இருந்தன. கியூவை அப்படியே வைத்து டிப்பையும் ஃபெரூலையும் மட்டும் மாற்றலாம். அறுத்து இரண்டு துண்டாக்கலாம். அல்லது பழையதைத் தொடாமல் அதே தோற்றத்தில் புதிதாக ஒன்று செய்யலாம். மூன்றாவது வழியைச் சொன்னேன். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. அவர் மனம் தந்தை தொட்ட மரத்தில் இருந்தது, என் மனம் அந்தப் பிணைப்பின் அழகில் இருந்தது. அறுப்பது என்று முடிவானது.

மேல்பாதியையே ஒரு ஷாஃப்ட்டாக, அதாவது கழற்றி மாட்டும் முன்துண்டாக வைத்துக்கொள்வது, பதப்பட்ட மேப்பிளில் இன்னொரு புதிய ஷாஃப்ட் செய்வது என்றும் பேசிக்கொண்டோம். இணைப்புக்கு 3/8 அங்குலத் திருகு, அங்குலத்துக்கு 10 மரை, மரத்தோடு மரம் நேராக அமரும் வகை. இணைப்பைச் சுற்றிப் போடும் எஃகு வளையமான காலர் வேண்டாம் என்று நான் தீர்மானித்ததற்கு இரண்டு காரணங்கள். காலர் போட்டால் எடை முன்பக்கம் போய்விடும். பழைய கியூவின் கைப்பழக்கம் மாறும். தவிர, மெலிந்த இணைப்பில் காலருக்காக மரத்தை இன்னும் குறைக்க வேண்டிவரும்.

அறுத்ததும் கடைந்ததும்

அறுத்த அன்று மாலை அடிப்பாதியை லேத்தில் இரு மையங்களுக்கு நடுவே மாட்டி, நுண்ணிய வளைவைக் காட்டும் டயல் கேஜை நகர்த்திப் பார்த்தேன். எதிர்பார்த்த வளைவு 0.75 மி.மீ., இருந்தது 1.4 மி.மீ. அதுவும் துண்டின் நடுவில் இல்லை. அடியிலிருந்து 50 செ.மீ. தூரத்தில், ரோஸ்வுட் முனைகள் மேப்பிளுக்குள் ஏறும் இடத்தில் குவிந்திருந்தது. மேல்பாதியை மாட்டினால் கேஜின் முள் அசையவே இல்லை.

கியூ வில்லாக வளையவில்லை, ஒரு இடத்தில் மடங்கியிருக்கிறது. மரம் காய்ந்து தானாக வளைந்தால் நீளம் முழுக்கப் பரவி வளையும். பிணைப்பில் மட்டும் மடங்கினால் அங்கே பசை இளகி மரம் நகர்ந்திருக்கிறது என்று பொருள். இதை இன்று நிதானமாக எழுத முடிகிறது. அன்று, அறுத்தாயிற்றே, இனி பின்வாங்க முடியாதே என்ற எண்ணம்தான் முன்னால் நின்றது. ஒரு நாள் வேலையை நிறுத்திவிட்டு அவருக்குத் தொலைபேசி செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

லேத்தில் பிடிக்க முனைகளில் இட்ட மையக்குழிகளைச் சற்று நகர்த்தி வளைவை இரு பக்கமும் பகிர்ந்து கடைந்தேன். இணைப்பின் விட்டம் 21.0 மி.மீ. இல் வந்து நின்றது, 0.3 மி.மீ. குறைவு. கைக்கு அது தெரியாது. கண்ணுக்குத் தெரிந்தது முனைகளின் உயரம். இந்த வகைப் பிணைப்பில் ரோஸ்வுட் மேலே போகப் போக மெலிந்து, மேற்பரப்பில் ஊசிபோல முடியும். மேற்பரப்பிலிருந்து அரை மி.மீ. ஆழம் கூடுதலாகப் போனால் முனை ஏறக்குறைய ஒரு செ.மீ. கீழே இறங்கிவிடும். ஒரு பக்கம் அதிகம் கடைய வேண்டியிருந்ததால் நான்கு முனைகளில் ஒன்று மற்றவற்றைவிட 2 செ.மீ. குட்டையாக நின்றது. புதிதாகச் செய்யும்போது நான்கு முனைகளும் ஒரே கோட்டில் முடியாவிட்டால் கட்டையை ஒதுக்கிவிடுவேன். மாற்றியமைக்கும் வேலையில் அந்த வசதி கிடையாது. கட்டை எப்படி இருக்கிறதோ அதைத்தான் ஏற்க வேண்டும்.

கடையும்போது ஒருமுறை உளி அந்த 50 செ.மீ. இடத்தைக் கடக்கையில் சத்தம் மாறியது. மரம் சீராகச் சீவப்படும்போது பட்டு கிழிவதுபோல ஒரே ஓசை வரும். அங்கே மட்டும் இடையில் ஒரு கரகரப்பு. நிறுத்திப் பார்த்தேன். குட்டை முனையின் ஓரத்தில் பச்சை வெனீரை ஒட்டி 4 செ.மீ. நீளத்துக்கு ஒரு கருங்கோடு. நகத்தால் தடவினால் தட்டுப்படவில்லை. நீர்போன்ற எபாக்சியை அதன் மேல் தடவி, உலர்ந்ததும் உப்புத்தாள் போட்டு மழுப்பிவிட்டு மேலே போனேன். கைப்பிடிக்கு லினன் நூல், மேலே புது வார்னிஷ். ஐந்து வாரங்களில் 22 மணி நேர வேலை.

அவர் வாங்கிப் போனபோது மகிழ்ச்சியாக இருந்தார். பழைய ஷாஃப்ட்டில் டிப்புக்குக் கீழே ஆண்டுக்கணக்கில் படிந்த நீலச் சாக் கறையை நான் முழுதாகச் சுரண்டவில்லை. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது இருக்கட்டும் அண்ணா" என்றார்.

மூன்றாம் மாதம்

மூன்றாம் மாதம் கியூ திரும்பி வந்தது. "பலமா அடிச்சா உள்ள ஏதோ வண்டு ரீங்கார மாதிரி ஒரு சத்தம் அண்ணா. மெதுவா அடிச்சா ஒண்ணும் இல்ல."

கியூவில் ரீங்காரம் வந்தால் தேட வேண்டிய இடங்கள் சிலதான்: தளர்ந்த ஃபெரூல், சரியாக அமராத இணைப்பு, அடியில் ஆடும் எடை, திருகைப் பிடித்திருக்கும் பசை. ஷாஃப்ட்டை மாற்றிப் போட்டேன். இரண்டிலும் சத்தம் வந்தது. ஆக ஷாஃப்ட் காரணம் இல்லை. அடி ரப்பரைக் கழற்றிப் பார்த்தேன். பழைய காலத்தில் இட்ட ஈயத்துண்டு உள்ளே அசையாமல் இருந்தது. திருகும் உறுதி.

பிறகு அடிப்பாதியை இரு விரலில் தொங்கவிட்டு, மரச்சுத்தியின் பிடியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே போனேன். இணைப்புப் பக்கம் கணீரென்று இருந்தது. 50 செ.மீ. அருகே வந்ததும் பொத்தென்று அடங்கியது. அதைத் தாண்டியதும் மறுபடி தெளிந்தது. வார்னிஷைச் சுரண்டிப் பார்த்தால் கருங்கோடு 4 இலிருந்து 11 செ.மீ. ஆகியிருந்தது. 0.05 மி.மீ. தடிப்புள்ள தகடு அதற்குள் நுழைந்தது.

தகட்டின் நுனியில் பழுப்பு நிறத்தில், உடைந்த கண்ணாடித் தூள் போல ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. வெந்நீரில் நனைத்த விரலால் தேய்த்தேன். சில நொடிகளில் இளகி விரல்கள் ஒட்டிக்கொண்டன. முகர்ந்தால் தச்சுப் பட்டறையில் வளர்ந்தவர்களுக்குப் பழகிய அதே வாடை. விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரப் பசை. பல பத்தாண்டுகள் வறட்சியிலும் ஈரத்திலும் மாறி மாறிக் கிடந்தால் அது இறுகி நொறுங்கும். அந்தப் பசைக்கோட்டின் வெளி விளிம்பைத்தான் நான் கடைந்து எடுத்திருக்கிறேன். இருந்த பிடிப்பிலும் ஒரு பங்கு அதோடு போயிற்று. மேலே தடவிய எபாக்சி உள்ளே இறங்கவே இல்லை. இறங்கியிருந்தாலும் நொறுங்கிய வச்சிரத்தின் மேல் எபாக்சி நிற்காது.

இரண்டாம் முடிவு

இந்த முறை எதையும் செய்வதற்கு முன்னால் அவரை வரவழைத்து, தகடு நுழைவதைக் காட்டினேன். பரிசோதனையில் நான் விட்டதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி பண்ண முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க அண்ணா" என்றார்.

முடியும். ஆனால் எதற்காகச் சரிசெய்கிறோம் என்பதைப் பொறுத்தது. கைப்பிடிப் பக்கத்திலிருந்து நீளமாகத் துளையிட்டு உள்ளே மேப்பிள் தண்டு ஒன்றைப் பசையிட்டுச் செலுத்தினால் கியூ உறுதியாகும், போட்டிக்கும் தாங்கும். அதற்குப் பிணைப்பின் நடுமரம் முழுவதையும் எடுத்துவிட வேண்டும். வெளியே முனைகள் படம்போலத் தெரியும், உள்ளே அந்தப் பிணைப்பு இருக்காது. அவர் தந்தை வைத்திருந்த கியூ என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

மற்றொரு வழி, வச்சிரத்தை வச்சிரத்தாலேயே ஒட்டுவது. புதிதாகக் காய்ச்சிய சூடான வச்சிரம் பழைய வச்சிரத்தை இளக்கி அதோடு ஒன்றாகிவிடும். எபாக்சிக்கு அந்தக் குணம் இல்லை. கியூவின் தன்மை மாறாது. பின்னாளில் வேறொருவர் திறந்து மறுபடி ஒட்டவும் முடியும். ஆனால் போட்டியில் பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடியான பிரேக் அடிக்கிற வேகத்துக்கு அதை நம்பிக் கொடுக்க மாட்டேன்.

இரண்டாவது வழியைத் தேர்ந்தோம். பழைய கியூ மெதுவான ஆட்டத்துக்கும், பத்திரமாக வைத்துக்கொள்வதற்கும். போட்டிக்கு முழுக்கவே புதிதாக ஒன்று. புதியதன் கூலியில் முதல் வேலைக்கு வாங்கிய தொகை முழுவதையும் கழித்தேன்.

ஒட்டும் வேலை 9 மணி நேரம். கோட்டைச் சூட்டுக்காற்றால் இதமாக்கி, ஊசிக்குழலால் வச்சிரம் செலுத்தி, சைக்கிள் டியூபைப் பட்டையாகக் கிழித்து இறுகச் சுற்றி நான்கு நாள் விட்டேன். தட்டிப் பார்த்தபோது சத்தம் முழுதும் கணீரென்று ஆகவில்லை. ஆனால் அந்தப் பொத்தென்ற அடக்கம் போயிருந்தது.

புதிய கியூ

புதிதாகச் செய்வதில் வேலையைவிடக் காத்திருப்பதுதான் நீளம். ஷாஃப்ட்டுக்கான மேப்பிளை ஒரே நாளில் இறுதி அளவுக்குக் கடைந்தால் மறு வாரம் வளைந்துவிடும். கொஞ்சம் கடைந்து, தொங்கவிட்டு, சில வாரம் கழித்து மறுபடி கொஞ்சம் கடைய வேண்டும். ஒவ்வொரு முறையும் மரத்துக்குள் இருக்கும் இறுக்கம் சிறிது அவிழும். வளைந்த துண்டை இரக்கமில்லாமல் விறகுக்குப் போட வேண்டும். இந்தக் கியூவுக்கு ஏழு ஷாஃப்ட் துண்டுகளோடு தொடங்கி மூன்று மிஞ்சின.

முன்பகுதிக்கு மேப்பிள், முனைகளுக்குக் கருங்காலி. வெனீர் பழையதைப் போலவே பச்சையும் கருப்பும். முழுப் பிணைப்பு செய்யவில்லை. மேப்பிளில் நான்கு பக்கமும் ஆங்கில வி எழுத்து வடிவில் பள்ளம் எடுத்து முனைகளைப் பதிக்கும் அரைப் பிணைப்பைத் தேர்ந்தேன். இதில் முன்பகுதியும் கைப்பிடியும் தனித்தனி மரம், நடுவே திருகும் பசையும் கொண்ட ஒரு மறைவான இணைப்பு வரும். ரீங்காரம் பெரும்பாலும் பிறப்பது அந்த இடத்தில்தான் என்பதால், வேலையின் மிக நிதானமான இரண்டு நாளை அதற்கே கொடுத்தேன். இரு முகங்களிலும் விளக்குக்கரி பூசி, ஒன்றோடொன்று அழுத்தி, முழு வட்டத்திலும் கரி சீராகப் படியும்வரை திரும்பத் திரும்பச் சீவினேன்.

எடையை நாமே தீர்மானிக்கலாம் என்பது புதிதாகச் செய்வதன் பெரிய சௌகரியம். அவர் கைக்கு 19 அவுன்ஸ் ஒத்துவரும் என்று தோன்றியது. கைப்பிடிக்குள் அடர்த்தி குறைந்த மேப்பிள் வைத்து, ஈயம் எதுவும் சேர்க்காமல் 540 கிராமில் நிறுத்தினேன்.

ஒரே ஒரு அளவை மட்டும் வழக்கத்துக்கு மாறாக வைத்தேன். இணைப்பின் விட்டத்தை 21.3 இல் முடிக்காமல் 21.0 இல் முடித்தேன். திருகும் அதே 3/8, அதே 10 மரை. அவர் தந்தையின் ஷாஃப்ட் புதிய கியூவிலும் படியில்லாமல் அமர வேண்டும் என்பதற்காக.

எட்டு மாதங்கள் ஆயின. கைவேலை 60 மணி நேரம்.

விளைவு

புதிய கியூவில் ஒன்றரை ஆண்டாகப் போட்டி ஆடுகிறார். ஒருமுறை டிப் மாற்றியது தவிர வேறு வேலை வரவில்லை. போட்டியில் புதிய ஷாஃப்ட், பயிற்சிக்குத் தந்தையின் ஷாஃப்ட். பழைய ஷாஃப்ட்டின் நுனி மெலிந்தது, நேராக விரியும் பழைய வடிவம். கியூவைத் தாங்கும் விரல் பாலத்தில் ஓடும்போது கை சற்றுத் தடிப்பை உணரும். அதையே அவர் விரும்புகிறார்.

ஒட்டிய பழைய அடிப்பாதியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவருகிறார். மூன்று முறை பார்த்துவிட்டேன். தகடு இதுவரை நுழையவில்லை. வளைவு 0.4 மி.மீ. அளவில் நிற்கிறது.

ஒரு இழப்பு இருக்கிறது, அதை மறைக்க முடியாது. அறுக்காத பழைய முழுப் பிணைப்புக் கியூவைத் தேடும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கியூ இனி அந்தக் கியூ இல்லை. ஒரு முனை 2 செ.மீ. குட்டை. அதைச் செய்தவரின் கை வேலையில் நான் இட்ட குறை அது.

இனி மாற்றிச் செய்வது

பழைய கியூ எதுவாக இருந்தாலும் முதலில் இரண்டு வாரம் பட்டறையில் தொங்குகிறது. வேறு காற்றிலிருந்து வந்த மரத்தை வந்த அன்றே அளந்தால் அந்த அளவு அடுத்த வாரம் பொய்யாகும். பிறகு 5 செ.மீ. க்கு ஒரு இடத்தில் வளைவை அளந்து தாளில் புள்ளி வைத்துக் கோடு போடுகிறேன். கோடு சீராக வளைந்தால் மரத்தின் வேலை. ஓரிடத்தில் முறிந்தால் பசையின் வேலை. அப்படிப்பட்ட கியூவை அறுப்பதில்லை. தட்டிப் பார்ப்பதை அறுப்பதற்கு முன் செய்கிறேன், அதுவும் உரிமையாளர் பக்கத்தில் இருக்கும்போது. காது நுணுக்கம் இல்லாதவருக்கும் அந்த வித்தியாசம் கேட்கும்.

விட்டத்துக்கும் ஒரு எல்லை வைத்திருக்கிறேன். வார்னிஷ் நீக்கிய பிறகு இணைப்பு இடத்தில் 22 மி.மீ. க்குக் குறைந்தால் வேலையை எடுப்பதில்லை. நேராக்கவும் மெருகேற்றவும் வேண்டிய மரம் அதற்குள் கிடையாது.

அளவு எதிர்பார்த்ததோடு ஒத்துவராவிட்டால் அன்றே நிறுத்தி உரிமையாளரைக் கூப்பிடுகிறேன். அறுத்தபின்தானே தெரிந்தது என்பது அடுத்த வெட்டைப் போடக் காரணம் ஆகாது.

ஆடுவதற்கா, வைத்துக்கொள்வதற்கா என்ற கேள்வியை இப்போது முதல் சந்திப்பிலேயே கேட்கிறேன். இரண்டும் வேண்டும் என்றால் பழையதைத் தொடாமல் புதியது செய்வதைத்தான் முதலில் சொல்கிறேன்; முன்புபோல் போகிற போக்கில் அல்ல, இந்தக் கியூவின் அளவுத்தாளைக் காட்டி.

இதை எழுதும்போது பட்டறையில் இரண்டு பழைய ஒற்றைக் கியூக்கள் தொங்குகின்றன. ஒன்றின் கோடு அடி முதல் நுனி வரை சீராக வளைகிறது. இணைப்பு இடத்தில் 22.6 மி.மீ. இருக்கிறது. அடுத்த மாதம் அறுப்பேன். மற்றதன் கோடு 46 ஆம் செ.மீ. இல் முறிகிறது. அதன் உரிமையாளருக்கு நேற்றுத் தகவல் சொல்லிவிட்டேன், நாளை வந்து எடுத்துப் போகிறார்.